குழலுக்குள் என்ன இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் நிரப்பிச் சுடும் பழைய வகைத் துப்பாக்கிகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஷாட்கனில் தக்கை வைக்கிறார்கள், ரைஃபிளில் குண்டைத் துணியில் சுற்றி இறக்குகிறார்கள். இரண்டையும் வாயிலிருந்துதானே நிரப்புகிறோம், பிறகு ஏன் இந்த வேறுபாடு?

பதில்: குழலின் உட்புறம் வேறுபடுவதால்தான். ஷாட்கனின் குழல் உள்ளே வழவழப்பானது. அதிலிருந்து புறப்படுவது ஒரு குண்டு அல்ல, ரவை எனப்படும் சிறு உருண்டைகள் ஒரு பிடி. மருந்து எரிந்து எழும் வாயு ரவைகளின் இடைவெளி வழியே நழுவிவிடாமல் ஒரே தள்ளாகத் தள்ளவேண்டும் என்பதற்காக, அளந்து கொட்டிய மருந்தின்மேல் கெட்டியான அட்டைத் தக்கை ஒன்றும், அதன்மேல் கொழுப்போ எண்ணெயோ ஊறிய தடித்த மெத்தைத் தக்கை ஒன்றும் இறக்கப்படுகின்றன. அதன்பிறகே ரவை, ரவை உருண்டு வெளியே வராமலிருக்க மேலே ஒரு மெல்லிய அட்டை. இந்தக் கடைசி அட்டை மெல்லியதாகவே இருக்கவேண்டும். தடித்ததாக இருந்தால் குழலை விட்டு வெளியே வந்ததும் ரவைக் கூட்டத்தை அதுவே கலைத்துவிடும்.

ரைஃபிளின் குழலுக்குள் மரைபோலச் சுழன்று செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. உருண்டைக் குண்டு குழலின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாக வார்க்கப்படுவதால், அது தானாக அந்தப் பள்ளங்களைப் பற்றுவதில்லை. மசகு தடவிய பருத்தித் துணித்துண்டுதான் இடைவெளியை அடைத்து, பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு, குண்டையும் தன்னோடு சுழற்றுகிறது. எடுத்துக்காட்டாக, அரை அங்குல விட்டமுள்ள குழலுக்குப் பெரும்பாலும் 0.490 அங்குலக் குண்டைப் பயன்படுத்துவார்கள். சுட்டபின் சில அடி தூரத்தில் விழுந்துகிடக்கும் துணியை எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்: ஓரம் மட்டும் கறுத்து முழுதாக இருந்தால் பொருத்தம் சரி; பொசுங்கியோ கிழிந்தோ இருந்தால் துணி மெல்லியது, அல்லது மருந்து அதிகம்.

கேள்வி: மருந்தை எடைபோட்டுப் போடவேண்டுமா, கிண்ணத்தால் அளந்து போடவேண்டுமா?

பதில்: இத்துப்பாக்கிகளுக்கான பழைய வெடிமருந்தான கருமருந்தைக் கிண்ணத்தால் அளப்பதே வழக்கம். அளவு ‘கிரெய்ன்’ கணக்கில் சொல்லப்படும். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. ஷாட்கனுக்கு ஒரு பழைய விதி உண்டு: ரவையை எந்தக் கிண்ணத்தால் அளக்கிறீர்களோ அதே கிண்ணத்தால் மருந்தையும் அளந்துகொள்ளுங்கள் என்பது. ‘மருந்தைக் கூட்டினால் தூரம் கூடும்’ என்று நம்பிக் கூட்டுபவர்களுக்குக் கிடைப்பது நடுவில் ஓட்டை விழுந்த ரவைப் பரவல்தான். மருந்தின் மணிப் பருமனும் முக்கியம். புட்டியில் ‘எஃப்’ என்ற எழுத்து எத்தனை முறை வருகிறதோ அவ்வளவுக்கு மணி பொடியானது. அகன்ற குழலுக்கு இரண்டு எஃப், சிறு குழல் ரைஃபிளுக்கு மூன்று எஃப், கல்லின் பொறியால் சுடும் சக்கிமுக்கித் துப்பாக்கியில் அந்தப் பொறி விழும் கிண்ணிக்கு நான்கு எஃப் என்பது பொதுக் கணக்கு. துப்பாக்கியைச் செய்தவர் குறித்திருக்கும் உச்ச அளவு எல்லா விதிகளுக்கும் மேலானது.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். மருந்துக் கொம்பிலிருந்தோ குப்பியிலிருந்தோ நேரடியாகக் குழலில் கொட்டவே கூடாது. முந்தைய சூட்டின் கங்கு உள்ளே ஒளிந்திருந்தால், கிண்ணத்திலிருந்து கொட்டும்போது அந்தக் கிண்ணத்து மருந்து மட்டுமே பற்றும். கொம்பிலிருந்து கொட்டினாலோ, கையிலிருக்கும் கொம்பு முழுவதும் வெடிக்கும்.

கேள்வி: மருந்து அதிகமானால்தான் குழல் வெடிக்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அது ஒரு காரணம் மட்டுமே. சரியான அளவு மருந்தைப் போட்டும் குழலைப் பிளக்கவைக்கலாம். குண்டை மருந்தின்மேல் உட்காரவைக்காமல் பாதிவழியில் நிறுத்திவிட்டாலே போதும். அப்போது குண்டு அடைப்பாகிவிடுகிறது. இடைப்பட்ட வெற்றிடத்தில் விரைந்து வரும் வாயு அதன்மேல் மோத, அந்த இடத்தில் குழல் வீங்கும், சிலவேளை பிளக்கும். நாலைந்து முறை சுட்டபின் குழலில் கசடு படிந்து, குண்டு எளிதில் இறங்காமல் நின்றுவிடும் நேரத்தில்தான் இது பெரும்பாலும் நேர்கிறது. ‘போதும், இறங்கிவிட்டது’ என்று கை சொல்லும், கையை நம்பக்கூடாது.

நம்பவேண்டியது, குண்டை உள்ளே தள்ளும் திணிகோலில் உள்ள கோட்டை. வெறுங்குழலில் கோலை அடிவரை இறக்கி, வாயோடு ஒட்டிய இடத்தில் ஒரு கோடு போடுங்கள். வழக்கமான அளவு மருந்தும் குண்டும் முறையாக இறங்கியபின் இன்னொரு கோடு. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் குழல் தன் நிலையைத் தானே சொல்லும்: முதல் கோடு வாயோடு நின்றால் காலி, இரண்டாவது கோடு வாயோடு நின்றால் சரியாக நிரம்பியிருக்கிறது, அதற்கும் மேலே கோல் நீட்டிக்கொண்டிருந்தால் குண்டு இடையில் நிற்கிறது, அல்லது ஏற்கெனவே நிரப்பியதன்மேல் மறுபடி நிரப்பியிருக்கிறோம்.

இரட்டிப்பு நிரப்பல் அரிய பிழை என்று எண்ணவேண்டாம். 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்திலிருந்து திரட்டப்பட்ட 27,000-க்கு மேற்பட்ட துப்பாக்கிகளில் ஏறத்தாழ 24,000 நிரப்பிய நிலையிலேயே கிடந்தன. அவற்றில் பாதியளவுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை நிரப்பப்பட்டிருந்தன, அதற்கும் மேல் நிரப்பப்பட்டவையும் ஆயிரக்கணக்கில் இருந்தன. சுற்றிலும் ஓசையும் புகையும் இருந்தபோது, தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்பதே பலருக்குத் தெரியாமல் போயிற்று. அமைதியான சுடுதளத்தில், பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டே நிரப்புபவருக்கும் இதே மறதி வரும்.

கேள்வி: மருந்து போடாமலேயே குண்டை இறக்கிவிட்டேன். சிரிக்காமல் பதில் சொல்லவும்.

பதில்: சிரிக்கவில்லை, இந்தத் துப்பாக்கியைக் கையாளும் எவரும் ஒருநாள் செய்வதுதான். உள்ளே மருந்து இல்லை என்பதைக் கோலின் கோட்டைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆனாலும் இருப்பதாகவே கருதி நடந்துகொள்ளுங்கள். கேப் (அடித்தால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு செம்புத் தொப்பி) இருந்தால் அதை அகற்றுங்கள். சக்கிமுக்கி வகையாக இருந்தால் கிண்ணியைத் துடைத்துத் திறந்துவையுங்கள். பின்பு கோலின் நுனியில் குண்டு பிடுங்கும் திருகாணியைப் பொருத்தி, ஈயத்தில் பதியுமாறு திருகி இழுக்கவேண்டும். இந்த நேரம் முழுவதும் உங்கள் முகமோ உடலோ குழலின் வாய்க்கு நேரே வரக்கூடாது. நிரப்பும்போதும் அப்படித்தான்: கோலின் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தாமல், வாய்க்கு ஒரு சாண் மேலே விரல்களால் பற்றிக் கொஞ்சங்கொஞ்சமாக இறக்குங்கள். மரக்கோலை உயரத்தில் பிடித்து அழுத்தினால் அது வளைந்து முறியும். முறிந்த முனை கையைத் துளைக்கும்.

கேள்வி: விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால்?

பதில்: துப்பாக்கியை இறக்கவேண்டாம். வாய் இலக்கை நோக்கியே இருக்க, குறைந்தது ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். உள்ளே புகையும் மருந்து சில நொடி தாமதித்துப் பற்றுவதுண்டு. பிறகு குழலுக்குள் தீ நுழையும் பற்றுவாய்த் துளையை, அல்லது கேப் அமரும் முலையின் துளையைக் குத்தூசியால் சுத்தம்செய்து, புதிய கேப் வைத்து மறுபடி சுடலாம். கேப்பும் கிண்ணி மருந்தும் எப்போதும் கடைசி வேலை. குழல் முழுவதும் நிரம்பி, வாய் இலக்கை நோக்கித் திரும்பியபின்தான் அவற்றைத் தொடவேண்டும்.

கேள்வி: இரட்டைக் குழல் ஷாட்கனில் ஒன்றை மட்டும் சுட்டுவிட்டு மீண்டும் நிரப்பலாமா?

பதில்: நிரப்பலாம், ஆனால் முதலில் சுடாத குழலின் கேப்பை எடுத்துவிட்டுத்தான். எடுக்காவிட்டால், மருந்தும் கேப்பும் தயாராக இருக்கும் ஒரு குழலின் வாய்க்கருகே கையை வைத்து வேலை செய்கிறோம் என்று பொருள். சுட்ட குழலின் உதைப்பில் மற்ற குழலின் ரவையும் தக்கையும் முன்னே நழுவியிருக்கக்கூடும் என்பதால், அதையும் கோலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் குழல் காலி என்ற குழப்பமும் இங்கே உண்டு. நிரம்பிய குழலின் வாயில் ஒரு துணியைச் செருகிவைத்தால் அது தீரும்.

கேள்வி: புகையில்லா மருந்தைக் குறைந்த அளவில் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. கருமருந்துக்கென்று செய்த குழல் புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்காது.

கேள்வி: சக்கிமுக்கிக் கல்லை விட்டுக் கேப்புக்கு மாறியது ஏன்?

பதில்: வாத்துகள் ஒரு காரணம் என்றால் நம்புவீர்களா? விசையை இழுத்ததும் அடிக்கும் ‘குதிரை’ என்ற பாகத்தில் பொருத்திய கல் எஃகில் உரசி, கிண்ணி மருந்து பற்றி, அந்தத் தீ பற்றுவாய் வழியே உள்ளே சேர ஒரு கணம் ஆகும். கிண்ணியில் எழும் பளிச்சென்ற ஒளியைக் கண்டு பறவைகள் விலகிவிடும். இதனால் சலித்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத், அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் அமைப்புக்கு 1807-இல் காப்புரிமை பெற்றார். சிறு செம்புத் தொப்பி போன்ற கேப் அதன்பின் வந்த வளர்ச்சி. மழையிலும் சுட முடிந்தது இதனால்தான்.

கேள்வி: 1857-இல் சிப்பாய்கள் தோட்டாவை ஏன் பல்லால் கடிக்கவேண்டியிருந்தது?

பதில்: அன்று தோட்டா என்பது அளந்த மருந்தையும் குண்டையும் சுற்றிய காகிதக் குழாய்தான். ஒரு கை துப்பாக்கியைப் பிடித்திருக்க, மறுகையிலுள்ள காகிதத்தின் முனையைப் பல்லால் கிழித்து மருந்தைக் கொட்டுவதே விரைவான வழி. 1853 மாதிரி என்ஃபீல்டும் வாய்வழி நிரப்பும் ரைஃபிள்தான். குண்டைச் சுற்றிய காகிதத்தில் தடவிய கொழுப்பு, அது குழலில் எளிதாக இறங்கவும் கசடு இறுகாமலிருக்கவும் உதவியது. பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்திருப்பதாகப் பரவிய பேச்சின் விளைவை நாம் அறிவோம்.

கேள்வி: சுட்டு முடித்தபின் மறுநாள் சுத்தம்செய்தால் போதாதா?

பதில்: போதாது. கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகவே எஞ்சுகிறது. அந்த உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஓரிரவிலேயே இரும்பில் துருவைத் தொடங்கிவைக்கும். வேறு ரசாயனம் எதுவும் தேவையில்லை. சூடான நீரும் கொஞ்சம் சோப்பும் போதும். துணி வெள்ளையாக வரும்வரை கோலால் தேய்த்து, குழல் சூடாக இருக்கும்போதே ஈரம்போகத் துடைத்து, எண்ணெய் தடவுங்கள். கழுவும் நீர் மை போலக் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மருந்திலுள்ள கந்தகத்தின் வேலை அது. அடுத்தமுறை நிரப்புவதற்குமுன் அந்த எண்ணெயைத் துடைத்தெடுத்து, வெறும் கேப் ஒன்றைச் சுட்டு வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வாயருகே கிடக்கும் புல் அசைந்தால் திறந்திருக்கிறது.