நாய்க்கு ஃப்ளூ வந்தா உள்ள என்னதான் நடக்குது? – கடிதமும் பதிலும்

அக்கா வணக்கம்,

எங்க மணிக்கு (அஞ்சு வயசு) பத்து நாளா இருமல். நாங்க வெளிய போகவேண்டி இருந்ததால மூணு நாள் நாய் விடுதியில விட்டிருந்தோம், கூட்டிட்டு வந்த ரெண்டாவது நாளே தும்மல், அப்புறம் காய்ச்சல். டாக்டர் நாய் ஃப்ளூவா இருக்கும்னாரு. என் சந்தேகம் என்னன்னா, நாய்க்குப் பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி ஜாஸ்தின்னு சொல்றாங்க, கண்டதத் தின்னுட்டும் ஒண்ணும் ஆகாம சுத்துது, அப்போ ஃப்ளூ மட்டும் ஏன் அதப் படுக்க வைக்குது? எதிர்ப்பு சக்தி ஏத்துற சிரப் குடுக்கலாமா?

– ஒரு வாசகர்

வணக்கம் தம்பி,

மணி சாப்பிடுறானா இல்லையான்னு நீங்க எழுதவே இல்ல, எனக்கு முதல்ல அதுதான் தெரியணும். சரி, கேள்விக்கு வர்றேன்.

கண்டதத் தின்னாலும் தாங்குறது வயித்தோட சாமர்த்தியம், அங்க இருக்கிற அமிலம் நிறைய கிருமியக் கொன்னுடும். ஃப்ளூ அந்தப் பக்கமே போறதில்ல, மூச்சு வழியா வந்து மூக்குலயும் மூச்சுக்குழாய்லயும் உக்காந்துக்குது, அங்க காவலே வேற மாதிரி.

முதல் காவல் சளி. நாம அத அசிங்கம்னு துடைச்சுப் போடுறோம், ஆனா ஃப்ளூ வைரஸ் செல்லுக்குள்ள போக சியாலிக் அமிலம்னு ஒரு சர்க்கரையத்தான் பிடிச்சுக்கணும், அதே சர்க்கரை சளியிலயும் நிறைய தொங்குது, அதனால வைரஸ் செல்னு நெனச்சு சளியப் பிடிச்சு பசையில விழுந்த ஈ மாதிரி மாட்டிக்குது. கீழ சிலியான்னு கண்ணுக்குத் தெரியாத குட்டி மயிரிழைங்க ஒரே திசையில அசைஞ்சு அசைஞ்சு அந்தச் சளிய தொண்டைக்குத் தள்ளிடும், நாய் அத முழுங்கிடும், இல்ல இருமி வெளிய தள்ளும். ஆனா வைரஸ்கிட்டயும் நியூராமினிடேஸ்னு ஒரு கத்திரிக்கோல் இருக்கு, அந்தச் சர்க்கரைய வெட்டி விட்டுட்டு நழுவி வந்துடும். சில நேரம் சளி ஜெயிக்கும், சில நேரம் வைரஸ்.

வைரஸ் ஜெயிச்சு செல்லுக்குள்ள போனா அடுத்த காவல். ரிக்-ஐனு ஒரு புரதம் செல்லுக்குள்ளயே சுத்திட்டு இருக்கும், ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்யுறதுக்கான குறிப்புச் சீட்டு, அதோட நுனியப் பாத்தே இது நம்ம வீட்டு ஆளா வெளியாளான்னு சொல்லிடும், நம்ம செல் செய்யுற ஆர்என்ஏவோட நுனியில ஒரு தொப்பி இருக்கும், ஃப்ளூ ஆர்என்ஏல அது இருக்காது. சந்தேகம் வந்த உடனே செல் இன்டர்ஃபெரான வெளிய விடும், அது அக்கம்பக்கத்துச் செல்லுக்கெல்லாம் "கதவ சாத்திக்கோ"ன்னு போற சேதி. 1957-ல ஐசக்ஸ், லிண்டன்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இத முதல்ல கண்டுபிடிச்சதே ஃப்ளூ வைரஸ வச்சுத்தான். இதெல்லாம் சில மணி நேரத்துல நடக்குது, இந்தக் கிருமிக்குன்னே உடம்பு தயாரிக்கிற ஆன்டிபாடி வர கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும், அது வர்ற வரைக்கும் நாய காப்பாத்துறது இந்தப் பிறவிக் காவல்தான்.

இப்பதான் உங்க "ஏன்"க்கு வர்றேன். அந்தச் சேதி கேட்ட செல்லுங்க நூத்துக்கணக்கான புரதங்கள செய்யும், அதுல எம்எக்ஸ்னு ஒண்ணு. 1962-ல லிண்டன்மன் ஒரு வகை எலி மட்டும் ஃப்ளூவுக்குச் சாகாம இருக்கிறதப் பாத்தாரு, அதுக்குக் காரணம் இந்த எம்எக்ஸ்தான்னு பின்னாடி தெரிஞ்சுது. நம்ம உடம்புலயும் இருக்கு, ஃப்ளூ பெருகுறத நல்லாவே தடுக்கும். நாய்க்கும் எம்எக்ஸ் இருக்கு, ஒண்ணு இல்ல ரெண்டு, ஆனா 2010-ல வந்த ஒரு ஆய்வுல சோதிச்சுப் பாத்தப்போ ரெண்டுமே ஃப்ளூவத் தடுக்கல. ஆள் இருக்கு, யூனிஃபார்ம் இருக்கு, கையில தடி இல்ல.

இதுல என் மனச ரொம்பத் தொட்டது ஒண்ணு இருக்கு. 1958-ல மேடின், டார்பின்னு ரெண்டு பேரு ஒரு காக்கர் ஸ்பேனியல் பொட்டை நாயோட சிறுநீரகத்துல இருந்து எடுத்து வளத்த செல்லுங்க இன்னிக்கும் உலகம் முழுக்க லேப்ல உயிரோட வளருது, எம்டிசிகேன்னு பேரு. ஃப்ளூ வைரஸ் அதுல அவ்ளோ நல்லாப் பெருகும், அதனாலதான் ஃப்ளூ ஆராய்ச்சிக்கு அத எடுக்குறாங்க, மனுசங்களுக்கான ஒரு ஃப்ளூ தடுப்பூசியே அந்தச் செல்லுல தயாராகி 2012-ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. அப்படிப் பெருகுறதுக்கு இந்த வேலை செய்யாத எம்எக்ஸும் ஒரு காரணம். நாய் உடம்புல இருக்கிற ஓட்டை நம்மள காப்பாத்துது, யோசிச்சா நன்றியாத்தான் இருக்கு.

ஆனா ஓட்டை இருக்குன்னு காவலே இல்லன்னு நெனச்சுடாதீங்க. மனுச ஃப்ளூ அப்பப்ப நாய்க்கு ஒட்டினாலும் நாய்க்கு நாய் பரவிப் பெருசா ஆனதில்ல. குதிரை ஃப்ளூவான எச்3என்8 நாய்க்குத் தாவி நிலைச்சது 2004 ஜனவரியில ஃப்ளோரிடாவுல பந்தயத்துல ஓடுற கிரேஹவுண்ட் நாய்ங்க செத்தப்பதான் தெரிஞ்சுது, ஒரே இடத்துல 22 நாய்க்கு வந்து 8 செத்துடுச்சு. பறவையில இருந்து வந்த எச்3என்2 ஆசியாவுல நாய்ங்ககிட்ட சுத்திட்டு 2015-ல சிகாகோவுக்குப் போச்சு. பொதுவா சாவு இவ்ளோ இல்ல, பெரும்பாலான நாய் ரெண்டு மூணு வாரத்துல தேறிடும்.

மணி சுருண்டு படுக்குறது, காய்ச்சல், சோறு வேண்டாங்கிறது, இதெல்லாம் பாதிக்கு மேல அவன் உடம்பு போடுற சண்டை. எங்க வீட்டுல இருந்த நாய்க்குட்டி அவ இப்படித்தான் மூக்க வாலுக்குள்ள செருகி ரெண்டு நாள் படுத்தே கிடந்தா, கூப்பிட்டா வால் நுனி மட்டும் ஒரு தட்டு தட்டும். அந்தப் படுக்கையக் கலைக்காதீங்க. காய்ச்சல் குறையணும்னு நம்ம மாத்திரையக் குடுத்துடவே குடுத்துடாதீங்க, ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம், பாராசிட்டமாலும் ஆபத்து.

சிரப் வேண்டாம் தம்பி. இந்தக் காவல் கூட்டக் கூட்ட நல்லதுன்னு இல்ல, அளவு மீறினா நுரையீரல்ல வீக்கமும் நீரும் அதனாலேயே வரும், தடி இல்லாத எம்எக்ஸுக்கு எந்த சிரப்பும் தடி குடுக்காது. உண்மையான பயம் வேற. வைரஸ் அந்த மயிரிழை இருக்கிற செல்லையெல்லாம் உரிச்சுப் போட்டுடும், திரும்ப முளைக்கிற வரைக்கும் சளியத் தள்ள ஆள் இல்ல, அந்த இடைவெளியிலதான் பாக்டீரியா எறங்கி நிமோனியா ஆகுது. பத்து நாள் ஆச்சுன்னா மணி இப்போ அந்தக் கட்டத்துலதான் இருப்பான். இருமல் இருக்கிறது பரவால்ல, மூக்குல பச்சையா சளி வருதா, காய்ச்சல் விட்டுட்டுத் திரும்ப வருதா, வயிறு எக்கி எக்கி மூச்சு விடுறானான்னு பாருங்க, எது இருந்தாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, ஆன்டிபயாடிக் தேவையான்னு அவர்தான் சொல்லணும். எச்3என்2-ன்னா மூணு வாரம் வரைக்கும் வைரஸ் வெளிய வரலாம், அதுவரைக்கும் வேற நாய்கிட்ட விடாதீங்க, தேறினப்புறம் உங்க பக்கம் நாய் ஃப்ளூ தடுப்பூசி கிடைக்குதான்னும் கேட்டு வைங்க.

இன்னிக்கு ராத்திரி அவன் நல்லாத் தூங்கினதும் பக்கத்துல உக்காந்து விலா ஏறி இறங்குறத ஒரு நிமிஷம் எண்ணுங்க. முப்பதுக்குள்ள இருந்தா நல்லது. எவ்ளோ வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்க, சாப்பிட்டானான்னும் சேத்து.