டிசம்பரில் தார் பாலைவனம்: வலசை சஃபாரிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஜெய்சல்மேர் போகிறோம். சாம் மணல்மேட்டில் மாலை நேரத்தில் பறவைக் கூட்டங்கள் பாலைவனத்தைக் கடப்பதைக் காட்டுவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கானமயில் என்ற பெரிய, அரிய பறவையும் நிச்சயமாம். முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். கானமயில், பருவத்துக்குப் பருவம் நெடுந்தூரம் இடம்பெயரும் வலசைப் பறவையே இல்லை. காட்டில் மிஞ்சியிருப்பவை நூற்றைம்பதுக்கும் குறைவு. அதை நிச்சயம் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும், ஒன்று பொய் சொல்கிறார், இல்லையென்றால் ஜீப்பைப் புல்வெளிக்குள் விட்டுப் பறவையை விரட்டப் போகிறார். இரண்டாவது இன்னும் மோசம்.

டிசம்பரில் பறவைகள் கடந்து போவதில்லை. வந்து தங்கியிருக்கும். அதைப் பார்க்க ஏஜென்ட் தேவையில்லை. ஜோத்பூர்–ஜெய்சல்மேர் ரயில் பாதையில் பலோதி என்று ஒரு ஊர். அதை ஒட்டிய கீச்சன் கிராமத்துக்குப் போங்கள். மங்கோலியா, கஜகஸ்தான் பக்கமிருந்து வரும் டெமாய்செல் கொக்குகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கும். ஊர்க்காரர்கள் குர்ஜா என்பார்கள். செப்டம்பர் வாக்கில் வந்து மார்ச்சில் கிளம்பும். கிராமத்து மக்கள் வேலியிட்ட ஒரு திடலில் தானியம் இறைக்கிறார்கள். அதற்கு சுக்கா கர் என்று பெயர். காலையில் அங்கே தீனி, வெயில் ஏறியதும் ஊர்க் குளங்களில் தண்ணீர். மாலையில் சுக்கா கரில் போய் நின்றால் வெறும் திடலாகவே இருக்கலாம். ஆகவே முந்தின இரவே பலோதியில் தங்கிவிடுங்கள்.

கிட்டத்தில் போய் எழுப்பிவிடாதீர்கள், ட்ரோனும் வேண்டாம். மிரண்டு எழும் பறவைக்கு மின்கம்பி தெரியாது. கானமயில்களும் குர்ஜாக்களும் கம்பியில் அடிபட்டுச் சாகின்றன. கானமயில் பகுதிகளில் முடிந்த இடமெல்லாம் கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-ல் அதைத் தளர்த்தி ஒரு குழு போட்டார்கள். குழு கூடியது கூடியதுதான், கம்பி நின்றது நின்றதுதான். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

சரி, உண்மையாகவே 'கடந்து போகும்' பறவைகளும் உண்டு. ஆகஸ்ட் பின்பாதியிலிருந்து செப்டம்பர் முடியும்வரை குஜராத்தின் கட்ச்சிலும் மேற்கு ராஜஸ்தானிலும் ஐரோப்பியப் பனங்காடை, செம்முதுகுக் கீச்சான், புள்ளி ஈப்பிடிப்பான் எல்லாம் ஆப்பிரிக்காவுக்குப் போகிற வழியில் இறங்கும். கீச்சானும் ஈப்பிடிப்பானும் இரவில்தான் பறக்கும், அதனால் வானத்தைப் பார்த்து நின்று பயனில்லை. விடிந்ததும் வன்னி மரங்களையும் முட்புதர்களையும் பாருங்கள். இரவெல்லாம் பறந்த களைப்பில் பூச்சி தேடிக்கொண்டிருக்கும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், செப்டம்பரைத் தவறவிட்டவர்களிடம் 'மார்ச்சில் திரும்பி வரும்போது காட்டுகிறேன்' என்று இன்னொரு பேக்கேஜ் விற்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை திரும்பும்போது இந்த வழியே வருவதில்லை, இன்னும் மேற்கே அரேபியா, ஈரான் பக்கமாகப் போய்விடும். மார்ச்சில் கிளம்புவது குர்ஜாதான். வெயில் ஏறியதும் சூடான காற்றில் வட்டமடித்து உயர்ந்து வடக்கே திரும்பும்.

இந்த முறை கீச்சனில் ஒரு காலை, ஜெய்சல்மேரில் தேசியப் பாலைவனப் பூங்காவுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்கான அனுமதியை வனத்துறை அலுவலகத்தில் நீங்களே வாங்குங்கள், ரசீது உங்கள் கையில் இருக்கட்டும்.