விர்ச்சுவல் மெஷினின் திரை: கேள்வி - பதில்

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸில் (நிஜக் கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் மென்பொருள்) உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறேன். விண்டோவை எவ்வளவு பெரிதாக இழுத்தாலும் உபுண்டு திரை மட்டும் நடுவில் சிறிதாகவே நிற்கிறது. வீடியோ மெமரியை 128 எம்பிக்கு ஏற்றியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: வீடியோ மெமரிமேல் பழி போடாதீர்கள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று கணக்குப் போட்டால் 1920 x 1080 திரைக்குச் சுமார் 8 எம்பி போதும். 4கே திரைக்கே ஏறத்தாழ 32 எம்பிதான். விண்டோவின் அளவு மாறிய தகவல் உபுண்டுவுக்குப் போய்ச் சேரவில்லை, அதுதான் கோளாறு. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருள். கெஸ்ட் என்பது மெஷினுக்குள் ஓடும் சிஸ்டம், ஹோஸ்ட் என்பது அதைத் தாங்கும் நிஜக் கணினி.

மெஷினை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். 'சேவ் ஸ்டேட்' கொடுத்து மூடியிருந்தால் பெரும்பாலான செட்டிங்ஸ் மங்கிக் கிடக்கும், மாற்ற முடியாது. டிஸ்ப்ளே பகுதியில் கிராபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ என்று இருக்கட்டும். லினக்ஸ் கெஸ்ட்டுக்கு அதுதான் சரி. விண்டோஸ் கெஸ்ட் என்றால் விபாக்ஸ்எஸ்விஜிஏ.

பிறகு உபுண்டுவுக்குள் போய் பில்ட்-எசென்ஷியல், டிகேஎம்எஸ், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கான (லினக்ஸின் மையப் பகுதி) ஹெடர்ஸ் ஆகிய மூன்று தொகுப்புகளையும் நிறுவுங்கள். இவை இல்லாமல் அடிஷன்ஸை ஓட்டினால் கெர்னல் மாட்யூல் உருவாகாது. நிறுவல் முடிந்ததுபோலத் தெரியும், திரை அப்படியே இருக்கும். டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைச் செருகி, அதிலுள்ள லினக்ஸ் நிறுவியை சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். வியூ மெனுவில் 'ஆட்டோ-ரீசைஸ் கெஸ்ட் டிஸ்ப்ளே'யை டிக் செய்தால் வேலை முடிந்தது. அந்த வரியே மங்கலாக இருந்தால் அடிஷன்ஸ் உள்ளே ஓடவில்லை என்று பொருள். விர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் செய்யும்போதெல்லாம் அடிஷன்ஸையும் அதே பதிப்புக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: விர்ட்-மேனேஜரில் (லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் மென்பொருள்) 3டி ஆக்சலரேஷனை டிக் செய்தால் மெஷின் துவங்கவே மறுக்கிறது. ஸ்பைஸ் ஜிஎல் இந்தக் கணினிக்குள் மட்டுமே இயங்கும் என்கிறது பிழைச்செய்தி.

பதில்: பிழைச்செய்தி உள்ளதைத்தான் சொல்கிறது. ஸ்பைஸ் என்பது மெஷினின் திரையை நமக்குக் காட்டும் வழி, ஓப்பன்ஜிஎல் என்பது 3டி வரைவதற்கான முறை. ஸ்பைஸ் ஒரு நெட்வொர்க் போர்ட்டில் காத்திருக்கும்போது ஓப்பன்ஜிஎல் சேராது. மூன்று இடங்களை மாற்ற வேண்டும். டிஸ்ப்ளே ஸ்பைஸ் பகுதியில் லிசன் டைப்பை 'நன்' ஆக்குங்கள். அங்கேயே ஓப்பன்ஜிஎல்லை டிக் செய்யுங்கள். வீடியோ மாடலை விர்ட்டியோ ஆக்கி 3டியை டிக் செய்யுங்கள். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் பழைய கதைதான். இதன்பிறகு வேறு கணினியிலிருந்து ஸ்பைஸ் வழியாக இந்தத் திரையைப் பார்க்க முடியாது. அந்தத் தேவை உள்ளவர்கள் 3டியை மறந்துவிடலாம்.

ஹோஸ்டில் என்விடியாவின் சொந்த டிரைவர் இருந்தால் இந்த ஏற்பாடு அடிக்கடி முரண்டு பிடிக்கும். இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸும் கூடவே இருந்தால், ஓப்பன்ஜிஎல்லுக்குக் கீழே அதைத் தேர்ந்தெடுங்கள். பலித்ததா என்று அறிய கெஸ்ட்டுக்குள் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ரெண்டரர் வரியில் விர்ஜிஎல் என்று வந்தால் வெற்றி. எல்எல்விஎம்பைப் என்று வந்தால் படம் முழுவதையும் சிபியுதான் வரைந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: அதே விர்ட்-மேனேஜரில் விண்டோஸ் கெஸ்ட். ரெசல்யூஷன் மாற்றும் இடம் மங்கலாக இருக்கிறது. 3டி மென்பொருள்களும் ஓடவேண்டும்.

பதில்: முதல் பாதி எளிது. டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருக்கும். விர்ட்டியோ-வின் ஐஎஸ்ஓவை (விண்டோஸுக்கான விர்ட்டியோ டிரைவர்கள் அடங்கிய சிடி கோப்பு) இணைத்து, அதிலுள்ள கெஸ்ட் டூல்ஸ் நிறுவியை ஓட்டுங்கள். டிரைவரும் ஸ்பைஸ் ஏஜென்ட்டும் சேர்ந்தே வரும். காப்பி-பேஸ்டும் வேலை செய்யும்.

இரண்டாம் பாதிதான் சிக்கல். விண்டோஸுக்கான அந்த விர்ட்டியோ டிரைவர் படத்தைக் காட்டுவதோடு சரி, 3டி தராது. கனமான 3டி வேண்டுமென்றால் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டை கெஸ்ட்டுக்கே ஒதுக்க வேண்டும். அதற்கு பயாஸில் ஐஓஎம்எம்யு (கார்டை கெஸ்ட்டுக்கு ஒதுக்க உதவும் வசதி) இயங்க வேண்டும். இன்டெலில் அதன் பெயர் விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-விஐ. ஹோஸ்டுக்கு வேறொரு கிராபிக்ஸ் இருக்க வேண்டும். மானிட்டர் கேபிளையும் ஒதுக்கிய கார்டிலேயே செருக வேண்டும்.

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸில் 3டி போட்டதும் லாகின் திரைக்குப் பிறகு எல்லாம் கறுப்பு.

பதில்: பவர் ஆஃப் செய்து, 3டி டிக்கை எடுத்துவிட்டுத் துவக்குங்கள். திரை வந்தால் அடிஷன்ஸை மறுபடி நிறுவி, ஹோஸ்டின் கிராபிக்ஸ் டிரைவரையும் புதுப்பித்து, வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்கி இன்னொரு முறை முயலுங்கள். மெமரியைக் கூட்டுவதில் அர்த்தம் இருப்பது இங்கேதான். அப்போதும் கறுப்பென்றால் 3டி இல்லாமலே வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசருக்கும் டெர்மினலுக்கும் அது தேவையே இல்லை.