ஆச்சி கழுவிய குளவி

அன்புள்ள ஐயா,

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ‘ஆச்சி குளவியைக் கழுவி வைத்தாள்’ என்று எழுதிவிட்டாள். வீட்டில் எல்லாரும் சிரித்ததில் அழுதேவிட்டாள். கரை, கறை, அரை, அறை என எதிலும் இதே தடுமாற்றம்தான். தினமும் சொல்வதெழுதுதல் வைத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் காதில் விழுந்ததைப் பிசகாமல் எழுதியிருக்கிறாள். வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று சொல்லும் நம் சீமையில், ஆட்டுரலில் உருளும் குழவியையும் கொட்டுகிற குளவியையும் அவள் எதைக் கொண்டு பிரித்தறிவாள்? சிரித்தவர்களையும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

மயங்கொலிச் சொற்கள் அனைத்தையும் ஒரே வகையாகக் கற்பிப்பதுதான் தவறு என்று நினைக்கிறேன். ழகரமும் ளகரமும் நாவால் பிரிக்கக்கூடியவை: நுனிநாவை மேலே வளைத்து அண்ணத்தை முட்டாமல் நிறுத்தினால் ழ, முட்டினால் ள. இதைப் பாடத்தை வாய்விட்டுப் படிக்கும்போது மட்டும் பழக்குங்கள். ஆச்சியிடம் பேசும்போதும் திருத்தினால் பிள்ளை பேச்சையே குறைத்துக்கொள்ளும்.

ரகர றகரம் அப்படியல்ல. கரையையும் கறையையும் நீங்களும் நானும் ஒன்றுபோலவே ஒலிக்கிறோம் என்பதால், தனிச்சொல்லைச் சொல்லி எழுதச் சொல்வது அவளை ஊகிக்கச் சொல்வதாகவே முடியும். இங்கே பழக வேண்டியவை கண்ணும் கையும். இரண்டையும் ஒரே நாளில் அருகருகே எழுதிக் காட்டாதீர்கள். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. முதலில் ஆற்றங்கரை, குளக்கரை, கரையேறினான் என்று இரண்டு வாரம் ‘கரை’ மட்டும் கையில் ஊறட்டும். பிறகு தார் வெட்டியவர் சட்டையில் படிந்த வாழைக்கறையைக் காட்டி ‘கறை’யை எழுத வையுங்கள். சொல்வதெழுதுதல் வைப்பதானால் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வண்டி, பந்து, கன்று போன்றவற்றுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். டகரத்துக்கு முன் ண், தகரத்துக்கு முன் ந், றகரத்துக்கு முன் ன் என்பது விரைவில் பிடிபட்டுவிடும்.

குழவியின் பொருட்டு மட்டும் என் விதியை நானே மீறுகிறேன். கிரைண்டர் வந்த பிறகு ஆட்டுரல் புறவாசலில்தான் கிடக்கும். ஒரு நாள் அதைக் கழுவி, கைப்பிடி உளுந்தை ஊறவைத்து, அவளையே குழவியைப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். அதற்கு முன், குழிக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று நீங்கள் எட்ட நின்று பார்த்துக்கொள்ளுங்கள்; கட்டியிருந்தால் அன்றைக்கே இரண்டு சொற்களையும் எழுதச் சொல்லலாம்.