அம்மாவும் பிக் பாஸும்

அன்புள்ள ஐயா,

இரவு ஒன்பதரை ஆனால் எங்கள் வீட்டு டிவியில் பிக் பாஸ்தான். பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற என் அம்மா ஒருநாள்கூட விடுவதில்லை. யாரோ யாரையோ திட்டுவதில் என்ன இருக்கிறது? எல்லாம் எழுதிக் கொடுத்து நடிக்க வைப்பது என்றால், 'தெரியும், போடா' என்கிறார். இந்த மாதிரி நிகழ்ச்சிகளைத் தடை செய்தால் என்ன?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

அம்மாவுக்கு நிஜமாகவே தெரியும். புரமோவில் காட்டிய சண்டை எபிசோடில் ஏன் சப்பென்று போனது, இந்த வாரம் சேனல் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறது என்றெல்லாம் அவர் நம்மைவிட நன்றாகப் பிரித்துச் சொல்வார். பார்ப்பவர்கள் ஏமாளிகள் என்பது பார்க்காதவர்களின் நினைப்பு.

அப்புறம் ஏன் பார்க்கிறார்? 2017இல் வந்த முதல் சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். சக போட்டியாளர் ஓவியா விஷயத்தில் ஜூலி சொன்னது ஒன்று, நடந்தது வேறு என்று கமல்ஹாசன் ஒரு 'குறும்படம்' போட்டுக் காட்டினார். நம் வீடுகளில் 'நான் எப்போ அப்படிச் சொன்னேன்?' என்று நாத்தனார் சாதித்துவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அங்கே எல்லார் முன்னாலும் கேமரா சாட்சி சொல்கிறது. வருடக்கணக்காகப் பதில் பேசாமல் விழுங்கியவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் எப்படி இனிக்கும்! (உங்கள் அம்மாவைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.)

சிக்கலும் அதே கேமராவில்தான். நாள் முழுக்கப் பதிவானதில் நமக்கு வருவது ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. வெட்டுகிறவர்தான் சாட்சியையும் தேர்ந்தெடுக்கிறார். ஜூலி சினிமாக்காரர் அல்ல, ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் முழக்கமிட்டு அறியப்பட்ட செவிலியர். அந்த வீட்டைவிட்டு வந்த பிறகும் இணையத்தில் அவரை விடவில்லை. அது சேனல் செய்ததல்ல, பார்த்தவர்கள் செய்தது.

ஆனாலும் பிக் பாஸில் போகிறவர் சம்பளம் பேசி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகிறார். எனக்கு உறுத்துவது 'சொல்வதெல்லாம் உண்மை' போன்ற டிவி பஞ்சாயத்துகள். கோர்ட்டுக்குப் போக வசதியில்லாத, காவல் நிலையத்தில் மதிப்புக் கிடைக்காத ஏழைகள், புருஷன் விட்டுப் போனதையும் கள்ள உறவையும் சொந்த முகத்தோடு சொன்னார்கள். நமக்கு 'என்னம்மா இப்படி பண்றீங்களேம்மா' என்று ஒரு மீம் கிடைத்தது. அந்த அம்மாக்கள் மறுநாள் தெருக்குழாயடியில் எப்படி நின்றிருப்பார்கள்? 2018இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தபோது நான் வருத்தப்படவில்லை.

பிக் பாஸுக்குத் தடை வேண்டாம். ரிமோட்டையும் அம்மாவிடமிருந்து பிடுங்காதீர்கள். நமக்கு வேண்டியது வேறு. பிரிட்டனில் ஜெரமி கைல் நடத்திய இதே மாதிரியான பஞ்சாயத்து, கலந்துகொண்ட ஒருவர் இறந்ததை அடுத்து 2019இல் நிறுத்தப்பட்டது. பங்கேற்பவர்களின் நலனில் சேனல்கள் உரிய அக்கறை எடுத்தாக வேண்டும் என்ற, அந்நாட்டு ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமின் விதி 2021இல் அங்கே அமலுக்கு வந்தது. இங்கும் அப்படி ஒன்று வரட்டும். அதில் என் பங்குக்கு இரண்டு சேர்ப்பேன்: பெற்றோர் சண்டைக்குள் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. பதிவு முடிந்து வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு, 'இதைப் போடாதீங்க' என்று சொல்ல, கலந்துகொண்டவருக்கு ஒரு வாரமாவது அவகாசம் இருக்க வேண்டும்.