காரின் ஹீற்றர் ஓடும்போது சூடாகவும், நின்றால் குளிராகவும் வருவது ஏன்?

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு ஹீற்றர் ஞாபகம் வருவதே நுவரெலியா போகும்போதுதான். போன மார்கழியில் நாங்களும் போனோம். ரம்பொடை ஏற்றத்தில் நல்ல சூட்டுக் காற்று. டவுன் நெரிசலில் நின்றதும் ஐந்து நிமிடத்தில் குளிர்ந்துவிட்டது. கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் திரும்பவும் சூடு. பின்சீற்றில் அம்மா சால்வையை இழுத்து மூடிக்கொண்டே இருந்தார்.

நீங்கள் சொல்வதும் இதே குணம்தான். பெரும்பாலும் கூலன்ற், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை, குறைந்திருக்கும். எஞ்சினில் சூடேறிய தண்ணீர் டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேற்றர் ஒன்றுக்குள்ளும் ஓடுகிறது. ஹீற்றர் என்பது அதுதான். தண்ணீர் குறைந்து காற்றுப் புகுந்தால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பம்பால் அங்கே தள்ள முடியாது.

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, பொனற்றுக்குள் இருக்கும் பெரிய ரேடியேற்றரின் மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டோடு திறக்கவே வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கூலன்ற் போத்தலை மட்டும் நம்பாதீர்கள். என் காரில் போத்தல் நிறைய இருந்தது, உள்ளே குறைவு.

பிறகு எஞ்சினைச் சூடாக்கி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, டாஷ்போர்டுப் பக்கம் போகும் இரண்டு ஹோஸையும் விரல் நுனியால் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே சூடு என்றால், உள்ளே சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவில்தான் கோளாறு. ஒன்று சுட்டு மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் அடைப்பு, அல்லது காற்று.

எனக்கு இரண்டுமே இருந்தது. காரை முந்தி வைத்திருந்தவர் கிணற்றுத் தண்ணீரையே விட்டு வந்திருக்கிறார். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ஹீற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிந்திருந்தது. ஹோஸைக் கழற்றி எதிர்ப்பக்கமாகக் கழுவியபோது துருநிறத் தண்ணீரோடு முட்டைக்கோது மாதிரிச் செதில்கள் வந்தன. அப்புறம் கூலன்றும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி விட்டு, காரின் முன்பக்கத்தை மேட்டில் நிறுத்தி, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டுக் குமிழி நிற்கும்வரை காத்திருந்தோம்.

உங்கள் கார் நீண்ட இறக்கத்தில் குளிர்ந்து, டெம்பரேச்சர் முள்ளும் இறங்கினால் தேர்மோஸ்டற்றை, அதாவது எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் தடுக்கும் வால்வை, பாருங்கள். வெயில் ஊருக்குத் தேவையில்லை என்று அதைக் கழற்றிவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அது பிழை, எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெற்றோல் கூடுதலாகச் செலவாகும்.

ஊருக்குத் திரும்பியதும் ஹீற்றரை மறந்துவிடாதீர்கள். ஏ9 வீதியில் மத்தியான வெயிலில் எஞ்சினைக் காப்பாற்றுவதும் அதே தண்ணீர்தான். அது குறைந்தால் எங்கே ஒழுகிப் போகிறது என்று தேடுங்கள். உள்ளே இனித்த வாசம் வந்து, முன்சீற்றுக் காலடி விரிப்பு ஈரமாக இருந்தால் ஹீற்றரே ஒழுகுகிறது. என் காரில் தண்ணீர்ப் பம்புக்குக் கீழே காய்ந்த வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. பம்பை மாற்றிய பிறகு அளவு குறையவில்லை.