மாறுகிற கோட்டையில் எதை மனப்பாடம் செய்வது?

கேள்வி: ‘ரோக் லெகசி’ வீடியோ கேம் ஆட ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. ஒவ்வொரு முறை செத்ததும் கோட்டை மாறிவிடுகிறது. நோட்டில் மேப் வரைந்து பார்த்தேன், பிரயோஜனம் இல்லை. முதல் பாஸை, அதாவது முதல் பெரிய எதிரியைக்கூட இன்னும் வீழ்த்தவில்லை. கோட்டையை மாறாமல் பூட்டித் தரும் ஆர்க்கிடெக்ட் ஒருவர் கேமில் இருக்கிறாரே, அவரிடம் சொல்லி ஒரேயடியாகப் பூட்டிவிடலாமா?

பதில்: இப்போதைக்குப் பூட்டாதீர்கள். நோட்டையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

2013-ல் வந்த இந்த கேமில் கோட்டை முழுக்கத் தாறுமாறாக உருவாவதில்லை. அறைகள் ஒவ்வொன்றும் கையால் வடிவமைத்தவை, அவற்றைக் கோக்கும் வரிசைதான் மாறுகிறது. பத்துப் பதினைந்து முறை செத்தவருக்கு அறைகள் முகம் தெரிந்தவையாகிவிடும். கதவைத் திறந்ததும் ‘ஓ, இதுவா, இங்கே தரையில் முள் வெளியே வரும்’ என்று கை தானாகவே நிதானிக்கும். மனப்பாடம் செய்ய வேண்டியது அதைத்தான்.

திசையும் மாறாது. ஹாம்சன் கோட்டையிலிருந்து வலப்பக்கம் போனால் அப்காசியா காடு, மேலே ஏறினால் மாயா கோபுரம், கீழே இறங்கினால் இருள் நிலம். கஷ்டமும் அதே வரிசையில்தான் கூடும். லெவல் குறைவாக இருக்கும்போது ஆசைப்பட்டுக் கீழே குதிப்பவர்கள் இரண்டாவது அறையைத் தாண்டுவதில்லை. முதலில் கோட்டைக்குள்ளேயே சுற்றுங்கள். அங்கே இருக்கும் பாஸ் கித்ர், ஒரு ராட்சதக் கண். அது தோட்டா மழை பொழியும். சுவர்களில் இருக்கும் சின்னக் கண்கள் செய்வதும் அதையேதான். அவற்றிடம் தப்பிக்கப் பழகியவருக்குக் கித்ர் புது எதிரியாகவே தெரியாது.

இனி ஆர்க்கிடெக்ட். அவர் பூட்டினால், போன முறை பார்த்த அதே கோட்டை மறுபடி கிடைக்கும். ஆனால் அந்த முறை நீங்கள் சேர்க்கும் தங்கத்தில் 40 சதவீதம் போய்விடும். ஆரம்பத்தில் உங்களுக்குத் தங்கம்தான் உயிர். வீட்டை விரிவாக்கி உடல் வலு, தாக்கும் பலம், புது வகை வீரர்கள் எல்லாம் வாங்குவது அதை வைத்துத்தான். அதனால் பாஸ் கதவைக் கண்டுபிடித்து, உள்ளே போய், கொஞ்சத்தில் தோற்றுவிட்டீர்கள் என்றால் மட்டும் பூட்டுங்கள். செத்தவரின் இடத்துக்கு வரும் அடுத்த வாரிசு வழி தேடி அலையாமல் நேராகக் கதவுக்குப் போகலாம். தோற்கடித்த பாஸ் திரும்ப வராது, கோட்டை எத்தனை முறை மாறினாலும் அந்த வெற்றி உங்களுடையதுதான்.

இன்னொன்று, வாசலில் நிற்கும் கேரன் மிச்சத் தங்கத்தை எல்லாம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார். எனவே போகும் முன் செலவழித்துவிடுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கத் தோன்றும், வேண்டாம். ஒன்றை வாங்கினால் மற்றவற்றின் விலையும் ஏறுகிறது. முதலில் உடல் வலுவைக் கூட்டுங்கள்.

வாரிசைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். செத்ததும் மூன்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு விசித்திரம். வயிற்றுக்கோளாறு உள்ளவர் போகிற போக்கில் வாயு விடுவார், அவ்வளவுதான், ஆட்டத்தில் எந்த இடைஞ்சலும் இல்லை. சிரித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். தலைசுற்றல் உள்ளவரை எடுத்தால் திரையே தலைகீழாகிவிடும், பாஸைப் பார்க்கப் போகிற நாளில் அவரைத் தொடாதீர்கள். காலில் நாடித்துடிப்பு இல்லாத பிள்ளை ஒன்று வரும். பெயரைப் பார்த்து ஒதுக்காதீர்கள், தரை முட்கள் அதற்கு வெளியே வராது. முள் அறைகளில் அது சாதாரணமாக நடந்து போவதைப் பார்த்தபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, அந்த ஒரு பிள்ளையை வைத்தே கோட்டையில் பாதியைச் சுற்றினேன்.

அந்தரத்தில் கீழ்நோக்கி வாளைக் குத்தும் அடியையும் பழகிக்கொள்ளுங்கள். எதிரியின் தலைமேல் குத்தினால் மறுபடி எம்பலாம், தரையைத் தொடாமலே அடுத்த அடி விழும்.